கைமாற்றாக ஒரு தப்பு

சாயங்காலம் ஆபீசை விட்டுக் கிளம்பும்போது சின்னவள் தன் மேஜை டிராயரை ஒரு விரற்கடை திறந்து வைத்துவிட்டுப் போனாள். மறதி இல்லை. வீட்டில் கரண்டியைக்கூடக் கழுவிய கையோடு துடைத்து, காம்பெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்குகிறவள் அவள். மறுநாள் காலையில் பக்கத்து மேஜை டீச்சர் எல்லோர் முன்னாலும் அதை ஒரு குற்றமாகச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் திறந்து வைத்தாள். பதிலுக்கு டீச்சர் தன் டீ கப்பைக் கழுவாமல் மேஜைமேல் விட்டுவிட்டு வந்தாள். அது சின்னவள் சொல்வதற்கு.

அந்தக் கம்பெனி, வீட்டுச் சாமான் பழுதானால் வாங்கியவர்கள் போன் செய்து திட்டுகிற இடம். துணி துவைக்கிற மெஷின் சுற்றவில்லை, பிரிட்ஜுக்குள் தண்ணீர் தேங்குகிறது என்று வருகிற அழைப்பை எடுத்து, திட்டை முழுசாக வாங்கிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, மெக்கானிக்கை அனுப்புவதாகச் சொல்லி வைக்க வேண்டும். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தாலும் மூடினாலும் ரப்பர் வாசனை வரும். சேர்ந்த புதிதில் சின்னவளுக்குத் தலையை வலித்தது. பிறகு அந்த வாசனை தெரியாமலே போய்விட்டது. அவளுக்குத் தெரியாமல் போனவற்றில் அதுதான் முதலாவது.

மேனேஜர் தன்னை யாரும் சார் என்று கூப்பிடக் கூடாது என்பார். "இது ஆபீஸ் இல்லம்மா, குடும்பம். குடும்பத்துல யாராவது சார் போடுவாங்களா?" அதனால் முகத்துக்கு நேரே எல்லோரும் அவரை அண்ணா என்றார்கள், முதுகுக்குப் பின்னால் குடும்பத்தலைவர் என்றார்கள். சின்னவளுக்கு மட்டும் அந்த அண்ணா வாயில் வரவில்லை. வீட்டில் ஒரு அண்ணன் இருந்தான். அந்தச் சொல் அவனுக்கென்று ஆகிவிட்டது. மேனேஜரைக் கூப்பிட வேண்டி வந்தால் "வந்து..." என்று ஆரம்பித்துச் சமாளித்துவிடுவாள்.

குடும்பத்தில் தினமும் காலையில் மனம் திறப்பு உண்டு. போன் லைன்கள் திறப்பதற்கு முன்னால் எல்லோரும் மேஜை வரிசைப்படி வட்டமாக நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் இன்னொருவரிடம் தான் பார்த்த ஒரு தப்பைச் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். கேட்டவர் நன்றி சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரு தட்டு கைதட்ட வேண்டும். பிறகு அடுத்த ஆள். ஒன்றும் கண்ணில் படவில்லை என்று சொன்னால் குடும்பத்தலைவர் கோபப்பட மாட்டார். வருத்தப்படுவார். "பாசம் இருந்தா கண்ணுல படும்மா. படலைன்னா பாசம் இல்லைன்னு அர்த்தம்." பாசம் இல்லாதவர்கள் அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் சுவர் ஓரமாக நின்றபடியே போன் பேச வேண்டும். ஒருமுறை சொன்ன தப்பைத் திரும்பச் சொன்னால் செல்லாது. இட்டுக்கட்டிச் சொன்னாலும் மாட்டிக்கொள்வார்கள். அவரே போய் மேஜையைப் பார்ப்பார்.

அப்படித்தான் கைமாற்று வந்தது. ஒல்லி என்று பெயர் வாங்கிய ஒருவன் அங்கே இருந்தான். லிஃப்டில் அவன் ஏறினால் மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள், அத்தனை பருமன். அவன்தான் ஆரம்பித்து வைத்தவன். ஒருநாள் டீ போடுகிற இடத்தில் டீச்சரிடம் கேட்டான்.

"டீச்சர், நாளைக்கு ஒரு தப்பு கைமாத்தா குடுங்களேன். அடுத்த வாரம் திருப்பித் தந்துடறேன்."

"போன வாரம் வாங்கினதையே நீ இன்னும் தரலை. நீ ஏப்பம் விட்டேன்னு சொல்லட்டுமா?"

"அது போன மாசமே போயிடுச்சு டீச்சர். செல்லாது. நான் வேணா இன்னிக்கு ஸ்டேப்ளரை எடுத்துட்டு வைக்காம போறேன்."

"போ. நான் நாற்காலியை உள்ள தள்ளாம போறேன். மறந்துடாதே."

இரண்டு வருஷத்தில் சின்னத் தப்புகள் தீர்ந்துபோயின. இருப்பதைச் சொல்லி முடித்ததும், சொல்வதற்காகத் தப்புச் செய்ய வேண்டியதாயிற்று. சாயங்காலமானால் ஆளுக்கு ஆள் குழாயைச் சொட்டவிட்டும், குப்பைக்கூடையைக் கவிழ்த்து வைத்தும், விளக்கை அணைக்காமலும் கிளம்பினார்கள். இவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்கிற ஆபீஸ் வேறெங்கும் இருந்திருக்காது.

சின்னவளும் டீச்சரும் நிரந்தரக் கூட்டு. டீச்சர் முன்னால் மழலையர் பள்ளியில் இருந்தவள். இடது காது போய்விட்டிருந்தது. "முப்பது பிள்ளைங்க ஒரே நேரத்துல கத்தினா எந்தக் காது தாங்கும்? பாதியை அதுங்களே எடுத்துக்கிச்சு" என்பாள். ஹெட்போனை வலது காதில் மாட்டிக்கொண்டால் வேலைக்கு ஒரு குறையும் இல்லை. இடது பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் மட்டும் தெரியாது. இடது பக்கத்து மேஜை சின்னவளுடையது. யாராவது அந்தப் பக்கமாக வந்தால் சின்னவள் மேஜையில் பேனாவால் தட்டுவாள். அந்த அதிர்வு டீச்சரின் முழங்கைக்குப் போகும். டீச்சர் தலையை வலப்பக்கமாகச் சுற்றித் திருப்பி, "சொல்லுங்க" என்பாள். இதுவரை யாருக்கும் தெரியாது.

தெரிந்தால் வேலை இருக்காது. டீச்சர் மகள் வீட்டில் இருந்தாள். அதைப் பற்றி ஒரே ஒருமுறை பேசினாள்.

"மருமகன் நல்ல பையன்தான். ஆனா வேலைக்குப் போற வரைக்கும் நான் அந்த வீட்டுக்கு வந்துபோற ஆளு. வேலை போச்சுன்னா தங்கிட்ட ஆளு. புரியுதா?"

"புரியுது டீச்சர்" என்றாள் சின்னவள்.

புரிந்தது. ஆனால் உள்ளே எங்கேயும் போய்ப் படவில்லை. அந்த நாட்களில் எதுவும் அப்படித்தான் இருந்தது. போனில் ஒருவன் அவள் பிறப்பிலிருந்து ஆரம்பித்துத் திட்டினால், "உங்க பொறுமைக்கு நன்றி" என்று முடித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுப்பாள். வெளியே வந்த பிறகு அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நினைவிருக்காது. ஒருநாள் வீட்டில் அண்ணன் தட்டில் சாப்பாடு போட்டு அவள் முன்னால் வைத்தான்.

"வேற ஏதாவது உதவி தேவைப்படுதா?" என்றாள்.

அண்ணன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அண்ணன் சரக்கு வேன் ஓட்டுகிறவன். எட்டாவதோடு நின்றுவிட்டான். ஆனால் தங்கை கடைசிவரை படித்தாள், படித்து முடித்து மேஜை நாற்காலி வேலைக்குப் போனாள். அவளுடைய அடையாள அட்டையின் நாடாவை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துவைத்து, சுருக்கமில்லாமல் காயப்போடுவான். மூட்டை ஏற்றுகிறவர்களிடம், "எங்க வீட்டுல சின்னது இருக்கே, அதுக்குப் பேசினா சம்பளம். நமக்குப் பேசினா உதை" என்பான். அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவனிடம், காலையில் வட்டமாக நிற்பதைப் பற்றி எப்படிச் சொல்வது? அவள் சொல்லவில்லை.

அன்றைக்குக் காலையில் சின்னவள் வந்து பார்த்தபோது டீச்சரின் கப் மேஜைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பளபளவென்று இருந்தது. கூட்டித் துடைக்கப் புதிதாக ஒரு அம்மாள் வந்திருந்தாள். முதல் நாள் வேலை என்று கண்ணில் பட்டதையெல்லாம் கழுவிவிட்டாள். டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. பை வைத்த கையோடு வட்டத்துக்குப் போய்விட்டாள். சின்னவள் போய்ச் சேர்வதற்குள் குடும்பத்தலைவர், "வாங்க வாங்க, மனசைத் திறப்போம்" என்று கையைத் தட்டிவிட்டார்.

ஒல்லி ஒருவரை விளக்கை அணைக்காததற்காகச் சொன்னான். நன்றி, கைதட்டு. அடுத்தவள் ஒல்லியைச் சொன்னாள். நன்றி, கைதட்டு. முறை சின்னவளிடம் வந்தது.

கப் கழுவியிருந்தது. சொன்னால் அவர் போய்ப் பார்ப்பார். வேறொன்று வேண்டும். சின்னவள் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. இரண்டு வருஷமாக அவள் வாய் அந்த நேரத்துக்குத் திறந்து, ஒரு தப்பை எடுத்து வெளியே வைத்துப் பழகியிருந்தது. அன்றைக்கும் திறந்தது. உள்ளே சின்னது எதுவும் இல்லை, அதனால் இருந்ததை எடுத்து வைத்தது.

"டீச்சருக்கு இடது காது கேக்காது" என்றாள், சிரித்த முகத்தோடு. "யாராவது வந்தா நான்தான் தட்டிச் சொல்லணும்."

கைதட்டு வரவில்லை. சின்னவள் நின்றது டீச்சரின் இடது பக்கம். டீச்சர் அவள் உதடு அசைந்து நின்றதைப் பார்த்தாள், வழக்கம்போலத் தலையை ஆட்டினாள்.

"நன்றி" என்றாள்.

ஒல்லி தரையைப் பார்த்தான். குடும்பத்தலைவர் ஒரு அடி முன்னால் வந்து, சத்தமாக, வாயை நன்றாக அசைத்துக் கேட்டார்.

"டீச்சரம்மா, இப்ப இவ உங்களைப் பத்தி என்ன சொன்னா?"

டீச்சர் சிரித்தாள். "கப்பு கழுவலைன்னு சொன்னா. சரிதான். சோம்பேறித்தனம். நாளையிலேர்ந்து கழுவிடறேன்."

எல்லோருக்கும் அந்த மேஜை தெரிந்தது. கப் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது.

அடுத்த முறை டீச்சருடையது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. டீச்சர் சின்னவள் பக்கம் முழுசாகத் திரும்பி, பேசி வைத்தபடியே சொன்னாள்:

"இவ டிராயரை மூடாம போயிட்டா. யாராவது இடிச்சுக்கப் போறாங்க."

"நன்றி" என்றாள் சின்னவள்.

அப்போது எல்லோரும் கைதட்டினார்கள்.

குடும்பத்தலைவர் சின்னவளின் தலையில் கை வைத்தார். "இதான் பாசம். இத்தனை நாள் இந்தக் குடும்பத்துல ஒருத்தருக்கும் கண்ணுல படலை பாருங்க. இந்த வாரம் நம்ம சொந்தம் இவதான்" என்றார். அந்த வாரத்தின் சொந்தம் யாரோ அவருடைய படம் சுவரில் மாட்டப்படும். பழைய படத்தைக் கழற்றி, சின்னவளின் படத்தை அப்போதே மாட்டினார்கள். சேர்ந்த அன்றைக்கு எடுத்தது. பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டீ நேரத்தில் சின்னவள் டீச்சரின் வலது பக்கமாகப் போய் நின்றாள்.

"நான் கப்பைச் சொல்லலை டீச்சர்."

"பின்ன?"

"காதைச் சொல்லிட்டேன்."

டீச்சர் கையிலிருந்த கப்பைத் தொட்டியில் வைத்தாள். குழாயைத் திறந்தாள். கழுவினாள். உள்பக்கம், வெளிப்பக்கம், பிடி, எல்லாம் கழுவினாள்.

"எந்தப் பக்கம் நின்னு சொன்ன?"

"இடது பக்கம்."

"அப்ப வேற சாட்சியே வேண்டாம்." டீச்சருக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நான் வேற கப்பு கப்புன்னு... ஏண்டி, உனக்கு என் மேல ஏதாவது கோபமா?"

"இல்லை டீச்சர்."

"கோபம் இருந்து சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லைடி. சும்மா சொல்லியிருக்க." கப்பை உதறிக் கவிழ்த்தாள். "அழேன். ரெண்டு சொட்டு அழுதா நானும் உன்னைத் திட்டிட்டுப் போவேன்."

சின்னவள் முயன்றுதான் பார்த்தாள். வரவில்லை. தொட்டியில் சோப்பு நுரை சுற்றிக்கொண்டு இறங்குவதைப் பார்த்தபடி நின்றாள். டயர் கடையில் யாரோ எதையோ இரும்பில் அடித்தார்கள்.

படம் மாட்டிய விஷயம் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனியே அந்தப் படத்தைப் போனில் அனுப்பியிருந்தது: உங்கள் குடும்பத்தின் செல்லம், எங்கள் குடும்பத்தின் சொந்தம் என்று. அன்று சாயங்காலம் அவளை ஏற்றிக்கொள்ள வந்தபோது வேனின் முன்கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தான். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி இரண்டு பேரிடம் காட்டினான்.

"எதுக்கு மாட்டுனாங்க? நல்லாப் பேசுனதுக்கா?"

"ஆமாண்ணா. பேசினதுக்குத்தான்."

"என்ன பேசின?"

அவள் சொன்னாள். வட்டம், நன்றி, கைமாற்று, கப், காது. ரசீது படிப்பதுபோல வரிசையாகச் சொன்னாள். அண்ணன் வண்டியை ஓரம் கட்டினான். கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கில் ஒட்டியிருந்த ஏதோ பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அந்தம்மாவை எனக்குத் தெரியும். மழையில ஒருநாள் நம்ம வண்டியிலதானே இறக்கிவிட்டோம்?"

"ஆமா."

"இறங்கறப்ப உனக்குக் குடை குடுத்துட்டு நனைஞ்சுக்கிட்டுப் போச்சு."

"ஆமா."

அவன் வண்டியைக் கிளப்பினான். அடுத்த தடவை மூட்டை ஏற்றுகிறவர்கள் படத்தைக் காட்டச் சொன்னபோது போனில் சார்ஜ் இல்லை என்றான்.

டீச்சரைக் கம்பெனியே காது டாக்டரிடம் அனுப்பியது. டாக்டர் எழுதித் தந்ததைக் குடும்பத்தலைவர் எல்லோர் முன்னாலும் வருத்தத்தோடு மடித்துப் பைக்குள் வைத்தார். "குடும்பம் உங்களுக்கு ஓய்வு குடுக்குதும்மா" என்றார். போகிறவர்களுக்கும் ஒரு மனம் திறப்பு உண்டு. நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஆளுக்கொரு குறையைச் சொல்லி அனுப்புவார்கள். வெளியே போய்த் திருத்திக்கொள்ள உதவுமாம்.

டீச்சர் தன் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒல்லி முன்னால் போனான். தொண்டையைச் செருமினான்.

"டீச்சர் ஸ்டேப்ளரை வாங்கினா உடனே திருப்பிக் குடுத்துடுவாங்க. இருந்து பேசிட்டுப் போக விடமாட்டாங்க" என்றான்.

"நன்றிடா" என்றாள் டீச்சர்.

இன்னும் இரண்டு பேர் ஏதோ உப்புச் சப்பில்லாமல் சொன்னார்கள். அவர்கள் நின்றது இடது பக்கம். டீச்சர் குத்துமதிப்பாக நன்றி சொன்னாள். சின்னவளின் முறை வந்தது. அவள் தன் இடத்தில் நின்று சொல்லவில்லை. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள். குனிந்து, காதுக்குப் பக்கத்தில், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"உங்ககிட்ட ஒரு தப்பும் இல்லை டீச்சர்."

குடும்பத்தலைவரின் முகத்தில் வருத்தம் வந்தது. "இத்தனை வருஷம் பக்கத்துலயே இருந்திருக்க. ஒண்ணுகூடவா கண்ணுல படலை?"

"வந்து... படலை."

"பாசம் இல்லையாம்மா?"

சின்னவள் தன் மேஜைக்குப் போய், ஹெட்போனைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அவர் சொல்வதற்கு முன்னாலேயே சுவர் ஓரமாகப் போய் நின்றாள். அவளுடைய படம் தலைக்கு மேலே இருந்தது. பின்னால் டீச்சர் "நன்றி" என்று சொல்வது கேட்டது. கைதட்டு இல்லை. குடும்பத்தலைவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

டீச்சர் போகும்போது சின்னவள் ஒரு அழைப்பில் இருந்தாள். யாருடைய வீட்டிலோ துணி மெஷினுக்குள் சாவி மாட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் கதவுக்குப் போகிற வழியில் சின்னவளின் மேஜையருகே நின்றாள். டிராயர் ஒரு விரற்கடை திறந்திருந்தது, பழக்கம். அதை முழங்காலால் தள்ளி மூடிவிட்டுப் போனாள்.

மறுநாளும் முறை வந்தபோது சின்னவள் ஒன்றும் படவில்லை என்றாள். அதற்கு மறுநாளும் அப்படியே. ஒல்லி டீ போடுகிற இடத்தில் மறித்து, "அக்கா, வேணும்னா என்னோட தப்பு ஒண்ணு எடுத்துக்கங்க. திருப்பியெல்லாம் தர வேண்டாம்" என்றான். "வேண்டாம்பா, நீ வச்சுக்க" என்றாள். வீரமாகவெல்லாம் சொல்லவில்லை. வேலையை விடுவதாகவும் இல்லை. கேட்டால் ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. காலையில் வட்டம், பிறகு சுவர், மத்தியானத்துக்கு மேல் நாற்காலி. வாரம் முடிந்ததும் தலைக்கு மேலிருந்த படத்தைக் கழற்றி வேறொருத்தியின் படத்தை மாட்டினார்கள். சின்னவள் நின்ற இடத்தைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து ஸ்டூல் போட இடம் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் எதிர்ப் பக்கம் வேனை நிறுத்திவிட்டு, அவள் ரோட்டைக் கடந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு வைக்கிற?"

அவள் ஏறி உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். குதிகால் சிவந்திருந்தது. கையால் அழுத்திப் பார்த்தாள். மறுபடியும் அழுத்தினாள்.

"வலிக்குதுண்ணா" என்றாள்.

போனில் பேசுகிற குரல் இல்லை அது. சின்னப் பிள்ளையில் முள் குத்திக்கொண்டு வந்து நின்றபோது சொன்ன குரல். அண்ணன் இறங்கி, அவள் காலடியில் கிடந்த இரண்டு பார்சல்களை எடுத்துப் பின்னால் கொண்டுபோய், முகவரிச்சீட்டு மேலே தெரியும்படி அடுக்கிவைத்தான். காலி செய்த இடத்தைத் துணியால் துடைத்தான்.

"நீட்டிக்க" என்றான்.

அவள் நீட்டிக்கொண்டாள். வண்டி கிளம்பிய பிறகு கொஞ்ச தூரம் போய்க் கேட்டாள்.

"டீச்சர் வீடு எந்தத் தெருன்னு ஞாபகம் இருக்காண்ணா?"

"இருக்கு. இப்பவே போகணுமா?"

அவள் யோசித்தாள். போனால் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

"போ" என்றாள்.

அண்ணன் அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பினான்.